தாம்பரம் வழியாக ஒரு தரவுத்தளப் புத்தகம்

'எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்' என்ற மின்னூலின் பூர்வீகத்தைத் தேடினால் சுவீடன் போக வேண்டும். தரவுகளை அடுக்கிவைத்து, கேட்டதும் எடுத்துத் தரும் மைஎஸ்கியூஎல் மென்பொருள் 1995இல் அங்கேதான் பிறந்தது. உருவாக்கியவர்களில் முக்கியமானவர் பின்லாந்துக்காரரான மைக்கேல் விடேனியஸ். மூத்த மகள் 'மை'யின் பெயரையே அதற்குச் சூட்டினார். 2000இல் அது ஜிபிஎல் உரிமத்துக்குள் வந்தது. அதன் பிறகு யார் வேண்டுமானாலும் நிரலைப் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பகிரலாம் என்றானது. 2008இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் நூறு கோடி டாலருக்கு அதை வாங்கியது. 2010இல் சன்னையே ஆரக்கிள் வாங்கிவிட்டது.

ஆரக்கிள் கைக்குப் போனால் என்ன ஆகுமோ என்று கவலைப்பட்ட விடேனியஸ், 2009லேயே நிரலின் பிரதியோடு தனிக்குடித்தனம் போனார். இளைய மகள் மரியாவின் பெயரால் அது மரியாடிபி ஆனது. நிரலை எடுத்துப்போவதில் சிக்கல் இல்லை, ஜிபிஎல் அதற்கு இடம் கொடுத்தது. சிக்கல் கையேட்டில் வந்தது. மைஎஸ்கியூஎல் நிறுவனம் நிரலைத் திறந்து வைத்திருந்ததே தவிர, அதை விளக்கும் கையேட்டுக்கு அந்த உரிமத்தைத் தரவில்லை. எந்தக் கட்டளை என்ன செய்யும், எந்த அமைப்பை எங்கே மாற்றுவது என்பதையெல்லாம் மரியாடிபிக்காரர்கள் பெரும்பாலும் தாங்களே எழுதித் தொகுக்க வேண்டியதாயிற்று. இம்முறை அந்த எழுத்துக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் கொடுத்தார்கள்.

மென்பொருளைத் தமிழில் விளக்கி எழுதும் வேலையில் இறங்கியவர்கள் உரிம விஷயத்தில் ஆரம்பத்திலிருந்தே தெளிவாக இருந்தார்கள். கட்டற்ற மென்பொருள்களைப் பற்றித் தமிழில் எழுத, த. சீனிவாசனும் நண்பர்களும் 2012 ஜனவரியில் 'கணியம்' மின்னிதழைத் தொடங்கினார்கள். எழுதியவர் பெயரைச் சொல்லி, அதே உரிமத்தில் வெளியிடுவதாக இருந்தால் கட்டுரையை யாரும் எடுத்தாளலாம் என்பது நிபந்தனை. இன்று அறக்கட்டளையாக இருக்கும் கணியத்தின் நன்கொடைக் கணக்கு மேற்குத் தாம்பரத்து வங்கிக் கிளை ஒன்றில் இருக்கிறது.

அந்த இதழில் து. நித்யா மைஎஸ்கியூஎல் பற்றித் தொடர் எழுதினார். தொடருக்கே உரிய குறை ஒன்று உண்டு. நடுவில் வந்து சேர்பவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. ஒரு டேபிளை உருவாக்கத் தெரியாதவருக்கு இரண்டு டேபிள்களை ஜாயின் செய்வது எப்படி விளங்கும்? இதழ்களில் சிதறிக் கிடந்த பாடங்களை வரிசைப்படுத்தி நூலாக்கியதும் அந்தக் குறை தீர்ந்தது. 2013இல் தொடங்கிய 'ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ்' திட்டம் இப்படிப்பட்ட நூல்களுக்கு வீடாக அமைந்தது.

அங்கே ஒரே நூல் பல வடிவங்களில் கிடைக்கும். அவற்றில் 6 அங்குல பி.டி.எஃப் என்றொரு வடிவம் உண்டு. காரணம் நடைமுறை சார்ந்தது. பழைய கிண்டில் கருவிகளில் தமிழ் எழுத்துகள் சரியாகச் சேராது. 'கொ' என்பது ஒற்றைக்கொம்பு ஒரு பக்கம், ககரம் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். பி.டி.எஃப்பில் எழுத்துருவும் கோப்புக்குள்ளேயே இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஏ4 பக்கத்தைச் சின்னத் திரையில் படிக்க இடமும் வலமும் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்தையே திரையின் அளவுக்கு வெட்டிவிட்டால் இரண்டு பிரச்சினையும் ஒழிந்தது. இத்தனைக்கும் நூலாசிரியரிடம் தனித்தனியாக அனுமதி கேட்க வேண்டியதில்லை, உரிமத்திலேயே அனுமதி அடங்கியிருக்கிறது.

மென்பொருள் புத்தகத்துக்கு வயதாவது சீக்கிரம். 2018இல் வந்த மைஎஸ்கியூஎல் 8.0 பதிப்பில் பழைய பாஸ்வேர்ட் செயற்கூறு இல்லை, குவெரி கேஷும் இல்லை. அதற்கு முன் எழுதப்பட்ட எந்தப் பாடத்தையும் ஒருமுறை சரிபார்த்தாக வேண்டும். பூட்டிய உரிமத்தில் வந்த நூல் என்றால் பதிப்பாளர் மனம் வைக்கும் வரை காத்திருக்கலாம், அவ்வளவுதான். இந்த நூலின் கதை வேறு. சென்னைப் புறநகரான பொழிச்சலூரில் பாலிடெக்னிக் படிக்கும் பெண் ஒருத்தி, கட்டளை ஒன்று தன் கணினியில் ஓடவில்லை என்று கண்டால், ஏன் ஓடவில்லை என்று தேடிப் பார்த்து அந்தப் பகுதியைத் திருத்தி, நித்யாவின் பெயரோடு தன் பெயரையும் போட்டு வெளியிடலாம். அடுத்து வருபவர் அதையும் திருத்தலாம். நிரலுக்குக் கொடுக்கும் உரிமத்தை அதை விளக்கும் எழுத்துக்கும் கொடுத்ததால் கிடைக்கும் லாபம் இதுதான். ஆட்கள் மாறலாம், வேலை நிற்காது.