விலாவில் ஒரு தேன்கூடு

1818-ஆம் ஆண்டு. நெமூர் என்ற சின்ன ஊரிலிருந்து ஒரு வைத்தியர் பாரிஸுக்கு வருகிறார், நோயாளியாக. இதயத்துக்கு நேர் மேலே மார்பில் ஒரு கட்டி. அறுத்தால் மறுபடி வளர்கிறது. அறுவை மருத்துவர் அந்தெல்ம் ரிஷ்ரான் இந்த முறை கட்டியோடு நிறுத்தவில்லை. அடியில் இருந்த 6, 7-வது விலா எலும்புகளிலும் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார். மயக்க மருந்து வருவதற்கு இன்னும் 28 வருஷம் இருக்கிறது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். விலாவுக்குக் கீழே நுரையீரலைச் சுற்றியிருக்கும் ப்ளூரா சவ்வும் கெட்டுப்போயிருந்தது. அதையும் வெட்டியதும் வெளிக்காற்று உள்ளே பாய்ந்து நோயாளிக்கு மூச்சு முட்டியது. ரிஷ்ரான் ஓட்டையைக் கையால் பொத்தினார். பிறகு களிம்பு தடவிய துணியைப் போட்டு மூடினார்.

மனிதர் பிழைத்துக்கொண்டார். ஒரு மாதம் முடிவதற்குள் வண்டி ஏறி பாரிஸைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிவிட்டார். போகிற வழியில் மருத்துவப் பள்ளிக்குள் போய், அங்கே வைத்திருந்த தன் விலாத் துண்டுகளையும் பார்த்துவிட்டு வந்தார்.

அவருடைய கட்டியைப் புற்று என்றார்கள். கையில் பட்ட கடினத்தையும் திரும்பத் திரும்ப வளர்ந்ததையும் வைத்துச் சொன்னது அது. திசுவைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்துப் பெயர் சொல்லும் வழக்கம் அப்போது கிடையாது. இன்று அந்த வழக்கம் இருக்கிறது. ஆனாலும் விலாவில் வரும் ஒரு கட்டி மட்டும் பெரும்பாலும் அதே வரிசையில்தான் தன் பெயரைச் சொல்கிறது: முதலில் விலா வெளியே வரவேண்டும், பெயர் அப்புறம். அந்தக் கட்டி புற்றும் கிடையாது.

ஹெமாஞ்சியோமா என்று பெயர். ரத்தக் குழாய்கள் ஓரிடத்தில் மிகையாகப் பெருகி, விரிந்து, பஞ்சு மாதிரி ஆகிவிடுவது. எலும்பிலேயே தோன்றும் கட்டிகளில் நூற்றுக்கு ஒன்றுதான் இது. வந்தால் முதுகெலும்பிலோ மண்டையோட்டிலோ வரும். விலாவில் வருவது அபூர்வத்திலும் அபூர்வம். பல பேருக்கு வலிகூட இருக்காது. வேலையில் சேர, விசா எடுக்க, வேறு ஏதோ அறுவைக்கு முன்பு என்று எடுத்த எக்ஸ்-ரேயில் கண்ணில் படும்.

இந்த வகைக் கட்டிகளைப் பற்றி முதலில் தெளிவாக எழுதியவர்களில் ஒருவர் எடின்பரோவின் ஜான் பெல். சண்டைக்காரர். ஊர் மருத்துவமனையின் அரசியலில் தோற்று வெளியே தள்ளப்பட்டு, கடைசியில் ரோம் நகரில் இறந்துபோனவர். 1801-இல் வெளிவரத் தொடங்கிய அறுவை மருத்துவ நூலில், சின்னச் சின்னக் குழாய்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு துடிக்கும் கட்டிகளை அவர் தனியே பிரித்து வைத்தார். தோலிலும் முகத்திலும் வருபவை அவை. எலும்புக்குள் பார்க்க அவரிடம் வழி இல்லை. அவர் வகுத்த விதி எளிமையானது. இதற்குள்ளே கத்தி வைக்காதே, வைத்தால் ரத்தம் நிற்காது. இதற்கு வரும் குழாய்களில் ஒன்றிரண்டைக் கட்டியும் பயனில்லை. சுற்றி வெட்டி, முழுசாக எடு.

இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. எலும்பைப் பற்றி ஒன்றும் தெரியாமல் பெல் சொன்ன விதி, விலா ஹெமாஞ்சியோமாவில் இன்னும் அசையாமல் நிற்கிறது. ஏன் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நடுவில் எவ்வளவோ மாறியது. 1860-களில் பெர்லினில் ருடால்ஃப் விர்ஹோவ் கட்டிகளைப் பற்றிய தன் பெரிய நூலில் ரத்தக் குழாய்க் கட்டிகளை நுண்ணோக்கி வழியாக வகை பிரித்தார். பிறகு டிரெஸ்டனில் கேயார்க் ஷ்மோர்ல் என்ற நோயியலாளர் ஆயிரக்கணக்கான சடலங்களின் முதுகுத்தண்டுகளை முழுசாக எடுத்து, நெடுக்காக அறுத்துப் பார்த்தார். (அந்த வேலையிலேயே விரலில் பட்ட காயம் சீழ்பிடித்து 1932-இல் இறந்தார்.) பத்துப் பேரில் ஒருவருக்கு முதுகெலும்பில் ஹெமாஞ்சியோமா இருந்தது. வாழ்நாள் முழுக்க அதைச் சுமந்தவர்களில் பெரும்பாலோருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது.

அதனால்தான் இன்று முதுகுவலிக்கு ஸ்கேன் எடுத்தவரின் ரிப்போர்ட்டில் ஹெமாஞ்சியோமா என்று ஒரு வரி இருந்தால், டாக்டர் பெரும்பாலும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார். சி.டி. ஸ்கேனின் குறுக்குவெட்டில் அது புள்ளிப் புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளிகளை ஆயிரம் முறை பார்த்த கண்ணுக்குச் சந்தேகமே வராது.

விலாவுக்கு அந்தச் சலுகை கிடையாது. 1895 நவம்பரில் வூர்ட்ஸ்பர்க்கில் ரான்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டுபிடித்தார். எலும்பு வெளியே தெரிந்தது, கூடவே எலும்பிலிருக்கும் அத்தனை விகாரங்களும். யாரும் தேடாத கட்டி தானாக வந்து முன்னால் நின்றது. விலா ஹெமாஞ்சியோமா படத்தில் எப்படி இருக்கும்? எலும்பு உப்பியிருக்கும். உள்ளே அரித்த மாதிரி, நடுவில் மெல்லிய கம்பிகளோடு, தேன்கூடு போல. சிலருக்குக் கதிர் விரித்த சூரியன் போல. இந்தச் சூரியன்தான் சிக்கல். எலும்புப் புற்றும் அதே மாதிரி கதிர் விரிக்கும். குருத்தெலும்புப் புற்று, மைலோமா, வேறெங்கோ இருந்து வந்து தங்கிய புற்று, ஒன்றும் செய்யாத நார்க்கட்டி எல்லாமே விலாவை உப்ப வைக்கும். மார்புக்கூட்டிலேயே தோன்றும் கட்டிகளில் ஏறக்குறைய பாதி, புற்று. ஒரு மருத்துவர் தன் ஆயுளில் விலா ஹெமாஞ்சியோமாவை ஒரு தடவைகூடப் பார்க்காமல் ஓய்வு பெறலாம். முன்னே பின்னே பார்த்திராததை எந்தத் தைரியத்தில் நல்லது என்று சொல்வார்?

ஊசி போட்டு ஒரு துளி எடுத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். எடுக்கலாம். ஆனால் ரத்தம் நிறைந்த பஞ்சில் ஊசி போட்டால் பல நேரம் வருவது ரத்தம் மட்டும்தான். அதை வைத்து நோயியல் மருத்துவர் எதையும் எழுத முடியாது. கூடவே ரத்தக்கசிவு பயம், விலாவுக்குப் பின்னால் நுரையீரல். ஒருவேளை அது குருத்தெலும்புப் புற்றாக இருந்தால், ஊசி போன தடத்தில் புற்றணுக்களைத் தூவிவிட்டும் வரலாம். ஆகவே உள்ளே குத்தாதே, சுற்றி எடு. பெல் சொன்னதுதான். அவர் ரத்தத்துக்குப் பயந்து சொன்னார். இன்று அந்தப் பயத்தோடு சந்தேகமும் சேர்ந்துகொண்டது.

சந்தேகத்துக்காக ஒரு விலாவைக் கொடுக்கலாம் என்ற நிலைமை வந்ததற்கு இன்னொரு வரலாறு காரணம். ரிஷ்ரான் கையால் பொத்திய அந்த ஓட்டை, அதற்குப் பிறகும் 80 வருஷத்துக்கு மேல் அறுவை மருத்துவர்களை மிரட்டியது. மார்பைத் திறந்தால் நுரையீரல் சுருங்கிவிடும். 1898-இல் நியூ ஆர்லியன்ஸில் பார்ஹம் என்பவர் தொண்டைக்குள் குழாய் விட்டு, துருத்தியால் காற்று ஊதிக்கொண்டே மார்புச் சுவரின் கட்டியை எடுத்தார். 1904-இல் பிரெஸ்லாவில் சாவர்ப்ருக் காற்றழுத்தம் குறைத்த ஓர் அறையையே கட்டினார். நோயாளியின் தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், உடம்பும் டாக்டர்களும் உள்ளே. கேட்கவே விசித்திரமாக இருக்கிறது இல்லையா? துருத்தியின் வழிதான் கடைசியில் ஜெயித்தது, இன்றைய மயக்கவியல் அதன் பேரப்பிள்ளை. மார்பைத் திறப்பது அன்றாட வேலை ஆனது. இப்போது சிறு துளை வழியே கேமரா விட்டும் செய்கிறார்கள். ஆபத்து குறையக் குறைய, வெட்டிப் பார்த்துவிடலாம் என்பது நியாயமான பதிலாக ஆகிவிட்டது.

இங்கே ஒரு சின்ன விலகல். குழந்தைகளின் முகத்தில் வரும் சிவந்த ரத்தக் குழாய்க் கட்டிகள் ப்ரோப்ரனலால் என்ற இதய மாத்திரையில் கரைவதை 2008-இல் போர்தோ மருத்துவர்கள் தற்செயலாகக் கண்டார்கள். அதைப் படித்துவிட்டு விலாவுக்கும் மாத்திரை போதுமே என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. 1982-இலேயே பாஸ்டனில் மல்லிகனும் க்ளோவாக்கியும் காட்டியிருந்தார்கள்: செல்கள் வேகமாகப் பெருகி வளரும் குழந்தைக் கட்டி ஒன்று, பிறவியிலேயே குழாய்கள் கோணலாக அமைந்த குறைபாடு வேறொன்று. பெரியவர்களின் எலும்பில் இருப்பது அந்தக் குழந்தைக் கட்டி கிடையாது. பலர் அதை இரண்டாவது வகையில்தான் சேர்க்கிறார்கள். ஹெமாஞ்சியோமா என்ற பெயர் மட்டும் பழக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சரி, இன்று இப்படி ஒருவருக்கு என்ன நடக்கிறது? படம் தெளிவாக இருந்து, வலியும் இல்லை, வளரவும் இல்லை என்றால், சிலர் அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் காத்திருக்கிறார்கள். கட்டி பெரிதாக இருந்தால், தொடை வழியே மெல்லிய குழாயை விட்டு, கட்டிக்குப் போகும் ரத்த நாளங்களை முதலில் அடைக்கிறார்கள். குழாய்களை அடைத்தால் மட்டும் நோய் தீராது என்று பெல் சொன்னது இங்கேயும் சரி. அடைப்பது, அடுத்து வெட்டும்போது ரத்தம் குறைய. பிறகு கட்டியோடு விலாவின் அந்தப் பகுதியும், இருபுறமும் கொஞ்சம் நல்ல எலும்பும் வெளியே வருகிறது.

வந்த உடனே பதில் கிடைக்காது. எலும்பைச் சீவ முடியாது. சுண்ணாம்புச் சத்து கரையும்வரை நாள்கணக்கில் அமிலத்தில் ஊறப்போட வேண்டும். தையல் போட்ட விலாவோடு, மூச்சு இழுக்கும்போதெல்லாம் சுருக்கென்று குத்த, ஒருவர் வீட்டில் காத்திருக்கும் நாட்கள் அவை. பிறகு மெல்லிய துண்டு நுண்ணோக்கியின் கீழ் போகிறது: எலும்புக் கம்பிகளுக்கு நடுவே ரத்தம் நிரம்பிய மெல்லிய சுவர்க் குழாய்கள், ஒற்றை வரிசையில் தட்டையான செல்கள், புற்றின் அடையாளம் ஏதுமில்லை.

முழுசாக எடுத்துவிட்டால் பெரும்பாலும் திரும்ப வராது. எனக்கு இதில் டாக்டர்களைக் குறை சொல்லத் தோன்றவில்லை. வந்தது புற்றாக இருந்து, காத்திருந்து பார்த்திருந்தால், இதையே வேறு மாதிரி எழுத வேண்டியிருக்கும். ஆனால் அந்த ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும் மனிதருக்கு, எதுவும் செய்திருக்காவிட்டாலும் பெரும்பாலும் நன்றாகத்தான் இருந்திருப்போம் என்று ஒரு நிமிஷம் தோன்றாமலா இருக்கும்?

நெமூர் வைத்தியர் போல, தன் எலும்பைப் போய்ப் பார்க்கும் வாய்ப்பு இவருக்குக் கிடைப்பதில்லை. ஒரு தாள்தான் கிடைக்கும். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது. அடுத்த வேலைக்கோ விசாவுக்கோ எக்ஸ்-ரே எடுக்கப் போகும்போது, புது டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, விலா இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லாததைப் பார்த்துவிட்டுக் கேட்பார்: இங்கே என்ன இருந்தது?