ஹார்பின் நகரத்து முகக்கவசம்

கொள்ளைநோய் ஒன்று புகைவண்டி ஏறிப் பயணம் செய்த வரலாறு இது. 1910-ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவிற்று. தார்பகான் எனப்படும் வளைவாழ் பிராணியைத் தோலுக்காக வேட்டையாடியோரிடம் தோன்றிய அந்நோய், இருப்புப்பாதை வழியே ஹார்பின் நகரை அடைந்தது. பீடிக்கப்பட்டோர் பிழைத்தாரில்லை.

அங்கு அனுப்பப்பட்டவர் டாக்டர் வூ லியன் தே. பினாங்கில் பிறந்து கேம்பிரிட்ஜில் பயின்றவர். அப்போது வயது 31. நம்மவர் பலர் கப்பலேறிச் சென்ற ஊராதலின் பினாங்குக்காரரிடம் எனக்குத் தனிப்பற்று உண்டு. இறந்த பெண்ணொருத்தியின் உடலை அறுத்துச் சோதித்த அவர், எலியும் தெள்ளுப்பூச்சியும் அல்ல, நோயாளியின் மூச்சும் இருமலுமே நோயைப் பரப்புவன என்று துணிந்தார். பஞ்சை இடையில் வைத்து மடித்த காஸ் துணியால் மருத்துவரும் ஏவலாளரும் வாயையும் மூக்கையும் மூடிக்கொள்ளுமாறு பணித்தார்.

பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி இதனை ஏற்கவில்லை. இளைய சீனரொருவர் தமக்கு மறுப்புரைப்பதா என்று அவர் வெகுண்டதாக வூ எழுதியுள்ளார். முகம் மூடாமலே நோயாளிகளைப் பார்த்த மெஸ்னி, சில தினங்களில், 1911 ஜனவரி 11 அன்று மாண்டார். பின்னரே ஊரார் துணிக்கவசத்தைத் தேடி அணிந்தனர்.

நோயாளிகளோடு பழகியோர் ரஷ்ய ரயில்வேயின் சரக்கு வண்டிகளில் தனித்து வைக்கப்பட்டனர். (2020-இல் நம் ரயில்வேயும் பயணிகள் பெட்டிகளை நோயாளிகளுக்கென மாற்றியமைத்ததை அன்பர்கள் அறிவர்.) மருத்துவர்களோடு, பிணம் சுமந்த கூலிகளும் இறந்தனர். ஏறத்தாழ 60,000 உயிர்கள் போயின. மார்ச் மாதத் தொடக்கத்தில் ஹார்பினில் நோய் ஓய்ந்தது. ஏப்ரலில் முக்டென் நகரில் பன்னாட்டு மருத்துவர் மாநாடு கூடிற்று. தலைமை வகித்தவர் வூ.