மரணப் பதிவும் பிரேத அடக்க அனுமதியும் (தமிழ்நாடு)

ஒருவர் காலமானபின் பிரேதத்தை அடக்கமோ தகனமோ செய்வதற்குரிய அனுமதியும், அம்மரணத்தை அரசாங்கப் பதிவேட்டில் ஏற்றிச் சான்றிதழ் பெறும் கிரமமும் தமிழ்நாட்டில் வெவ்வேறு சட்டங்களின்பாற்பட்டவை. பதிவாளரோ மரண விசாரணை அதிகாரியோ தாள் கொடுத்தாலன்றிப் பிரேதம் மண்ணுக்குள் போகாத இங்கிலாந்தைப் போலன்றி, இங்கே அடக்கம் முந்தியும் பதிவு பிந்தியும் நடப்பதே வழக்கம். பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்னும் நம்மவர் அவசரத்துக்குச் சட்டமும் வளைந்து கொடுத்திருக்கிறது எனலாம்.

1886-ஆம் ஆண்டுச் சட்டம் பதிவை அவரவர் விருப்பத்துக்கு விட்டிருந்தது. அதனைத் தேசமெங்கும் ஒரே சீரான கடமையாக்கியது 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம். அதன்படி 21 நாட்களுக்குள் தகவல் தரவேண்டியவர், வீட்டில் நேர்ந்த மரணத்துக்குக் குடும்பத் தலைவர். மருத்துவமனையில் நேர்ந்ததற்கு அதன் பொறுப்பு மருத்துவர். கடைசி நோயில் சிகிச்சை அளித்த மருத்துவர் மரண காரணச் சான்றைக் கட்டணமின்றித் தரக் கடமைப்பட்டவர். கெடு தாண்டினால் 30 நாள்வரை தாமதக் கட்டணமும், ஓராண்டுவரை மேலதிகாரியின் எழுத்துமூல அனுமதியும், அதற்கும் அப்பால், 2023-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவரின் உத்தரவும் வேண்டும்.

பலரும் இடறுவது இடத்தைப் பற்றியே. குடியிருந்த ஊரிலன்றி, உயிர் பிரிந்த ஊரிலேயே மரணம் பதிவாகும். சிவகங்கைக் கிராமத்தார் ஒருவர் மதுரை மருத்துவமனையில் இறந்தால், அவர் பிள்ளைகள் தம் ஊர்க் கிராம நிர்வாக அலுவலரை எத்தனைமுறை பார்த்தும் பயனில்லை. அடுத்த இடறல் பெயர். ரேஷன் கார்டில் ‘முத்தையா’வாகவும் பாங்குப் புத்தகத்தில் ‘முத்தையன்’ஆகவும் வாழ்ந்து முடித்தவர், துக்க வீட்டில் யாரோ அவசரத்தில் சொன்ன வடிவில் பதிவேடு ஏறிவிடுகிறார், வாரிசுச் சான்றிதழுக்கு அலையும்போதுதான் ஓரெழுத்தின் பாரம் தெரியும். பிழையைத் திருத்தலாம், ஆனால் மூலப் பதிவின்மேல் கைவைக்காமல், ஓரத்தில் திருத்தத்தை எழுதித் தேதியிட்டுக் கையொப்பமிட வேண்டும் என்பது விதி.

இடுகாடும் சுடுகாடும் உள்ளாட்சி மன்றங்களின் ஆளுகைக்குட்பட்டவை. கிராம ஊராட்சிகளுக்கான 1999-ஆம் ஆண்டு விதிகள், உரிமம் பெற்ற மயானத்துக்கு வெளியே, குடியிருப்புக்கோ குடிநீர் ஆதாரத்துக்கோ 90 மீட்டருக்குள் பிரேதத்தைப் புதைப்பதையும் எரிப்பதையும் விலக்குகின்றன. நகரத்து மயானங்களில் மருத்துவரின் சான்றைப் பார்த்தே பொறுப்பாளர் தம் ஏட்டில் பதிந்துகொள்வார். அவர் தரும் ரசீதைப் பதிவு அலுவலகத்தில் கேட்பதுண்டு என்பதால், திருநீற்றுத் தட்டோடு அது தொலைந்துபோகாமல் யாரேனும் ஒருவர் மடியில் பத்திரப்படுத்துவது நல்லது.

தற்கொலை, விபத்து, ஐயத்துக்குரிய மரணம் ஆகியவற்றில் போலீஸ் விசாரணை முடிந்து, தேவையானபோது பிரேத பரிசோதனையும் நடந்த பிறகே உடல் உறவினர் கைக்கு வரும். மணமாகி ஏழாண்டுக்குள் ஒரு பெண் தற்கொலையாலோ ஐயத்துக்கிடமான முறையிலோ இறந்தால் கோட்டாட்சியரே விசாரிப்பார்.

மரண காரணம் பதிவேட்டில் இருப்பினும், யாருக்கு வழங்கப்படும் நகலிலும் அதை வெளியிடலாகாது என்று பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடுத்திருக்கிறது. ஆகவே சான்றிதழில் பெயரும் நாளும் இடமும் காணலாம்; நோயின் பெயரைக் காண முடியாது.