ஏரிக்குரிய பங்கு

தொண்டை மண்டலம் நதிகளை நம்பி வாழ்ந்த நாடு அன்று. பாலாறும் செய்யாறும் பெயருக்கு ஆறுகளேயன்றி, வருஷத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடப்பவை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக் காற்று கொண்டுவந்து கொட்டுகிற மழையோ, கொட்டிய வேகத்திலேயே கிழக்கே சரிந்து கடலில் கலந்துவிடுவது. அந்தச் சில வார மழையை மறித்து நிறுத்தி, தை அறுவடை வரையிலும், கூடுமானால் அதற்குமேல் இன்னொரு போகத்துக்கும் உதவும்படி செய்வதற்கு இப்பிரதேசத்து மக்கள் கண்ட உபாயந்தான் ஏரி. தரையின் சரிவைக் கண்ணால் மதிப்பிட்டு, தாழ்ந்த பக்கம் மூன்றிலும் மண்ணைக் கொட்டிக் கரை எழுப்பி, உயர்ந்த பக்கத்தைத் திறந்து விட்டுவிடுவார்கள். மேல் ஏரி நிரம்பி வழிந்த நீர் கால்வாய் வழியே கீழ் ஏரிக்கு வரும், அது நிரம்பி அதற்கும் கீழே போகும். இவ்வாறு ஒன்றோடொன்று கோத்துக் கிடந்தவை, கிடப்பவை, இந்நாட்டு ஏரிகள்.

இவற்றை வெட்டியவர்களின் பெயர்களுக்குக் குறைவில்லை. மகேந்திரவாடியில் பாறையைக் குடைந்து விஷ்ணுவுக்குக் கோயில் செய்த மகேந்திரவர்ம பல்லவன், அது மகேந்திர தடாகத்தின் கரையில் அமைந்தது என்பதையும் அங்கேயே சாசனமாகப் பொறித்து வைத்தான். காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்தில் பரமேசுவர தடாகம் ஏற்பட்டபோது, பாலாற்றிலிருந்து அதற்குப் பெரும்பிடுகு என்ற கால் வெட்டப்பட்டதைச் செப்பேடு சொல்லுகிறது. உத்தரமேரூரின் வைரமேக தடாகமும் பல்லவர் காலத்ததே. சோழர் காலத்தில் பராந்தகனின் விருதுப் பெயரால் எழுந்த வீரநாராயண ஏரி, வீராணம் என்று பெயர் சுருங்கி, இன்று சென்னைக்குக் குடிநீர் அனுப்பிக்கொண்டிருக்கிறது. இராஜேந்திரன், தன் படை கங்கை வரை சென்று மீண்டபின், தன் புதிய தலைநகரில் சோழகங்கத்தைத் தோண்டியபோது, அதை நீரால் ஆன ஜயஸ்தம்பம் என்றே திருவாலங்காட்டுச் செப்பேடு வர்ணித்தது.

இவையெல்லாம் நம் சரித்திரப் புத்தகங்களில் விஸ்தாரமாகப் பேசப்படுபவை. என் அபிப்பிராயத்தில், ஏரியின் சரித்திரத்தில் வெட்டிய கதை மிகச் சிறிய பகுதி. வெட்டி முடித்த நாளிலிருந்தே ஏரி தூர்ந்துபோகத் தொடங்குகிறது. ஒவ்வொரு வெள்ளமும் நீரோடு வண்டலையும் சேர்த்தே கொண்டுவருகிறது. அலை கரையை அரிக்கிறது. நண்டு வளை தோண்டுகிறது. கரைமேல் முளைத்த அரசங்கன்று வேர் விட்டு மதகின் கல்லைப் பிளக்கிறது. ஓர் ஏரி இருபது வருஷம் கவனிப்பாரற்றுக் கிடந்தால் அதன் கொள்ளளவில் ஒரு கூறு போய்விடும். ஆயிரம் வருஷத்துக்கு முன் வெட்டியது இன்றும் நீர் தேக்குகிறது என்றால், அந்த ஆயிரம் வருஷமும் யாரோ வண்டலை எடுத்துக் கரையில் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். அவர்கள் யார், அவர்களுக்குக் கூலி எங்கிருந்து வந்தது என்பதே விசாரிக்க வேண்டிய விஷயம்.

அதற்கு முன்னால் ஏரியின் உறுப்புகளைச் சற்றுப் பார்த்துக்கொள்வது நல்லது. வட மாவட்டங்களின் பழைய மதகில், கரையை ஒட்டி நீருக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்கும். அவற்றை இணைத்து மேலும் கீழுமாகக் குறுக்குக் கற்கள். அக்கற்களின் நடுவிலுள்ள துளைகளினூடே ஒரு நீண்ட மரக்கழி இறங்கி, அடியில் உள்ள பலகைக்கல்லின் ஓட்டையை, தன் நுனியிலுள்ள கட்டையால் அடைத்துக்கொண்டிருக்கும். நீர்க்கட்டி என்னும் ஊழியன் குறுக்குக் கல்லின் மேல் நின்று கழியை ஒரு சாண் தூக்கினால் ஒரு சாணுக்குரிய நீர், இரண்டு சாண் தூக்கினால் அதற்குரிய நீர். தென்பாண்டி நாட்டுக் கண்மாய்களில் இன்னும் நுட்பமான ஓர் ஏற்பாடு உண்டு. குமிழித் தூம்பு என்பது அதன் பெயர். கரையிலிருந்து உள்ளே தள்ளி, கண்மாயின் ஆழத்தில் கல்லால் தொட்டி கட்டி, அதன் மேல்தளத்தில் நீரோடித் துளையும், தரையை ஒட்டிச் சேறோடித் துளைகளும் அமைத்து, தொட்டியிலிருந்து கரைக்கு அடியே சுரங்கமாகக் கால்வாய் கொண்டுபோயிருப்பார்கள். மேல்துளையைத் திறந்ததும் நீர் பாய்கிற வேகத்தில் அடியிலுள்ள சேறு கீழ்த்துளைகளின் வழியே இழுக்கப்பட்டு, நீரோடு கலந்து வயலுக்குப் போய்விடும். கண்மாயும் சுத்தமாகும், வயலுக்கும் உரமாகும். இதைச் செய்த கல்தச்சன் எந்தச் சாஸ்திரத்தில் படித்தானோ தெரியாது. வண்டலைச் சத்துருவாக எண்ணாமல் சரக்காக எண்ணினான் என்பது மட்டும் தெரிகிறது.

மிகுந்த நீர் வழிவதற்குக் கலிங்கு. அதன் தளத்தின்மேல் வரிசையாகக் கற்கள் நட்டிருப்பதைப் பலரும் பார்த்திருக்கலாம். அடைமழைக் காலத்தில் கற்களின் இடைவெளியைத் திறந்து விட்டு, மழை ஓயும் சமயத்தில் வைக்கோலும் களிமண்ணும் பலகையும் வைத்து அடைத்து, ஓரிரு அடி நீரை அதிகமாகத் தேக்கிக்கொள்வார்கள். எந்த நாளில் அடைப்பது என்பதுதான் சூட்சுமம். அவசரப்பட்டு அடைத்து மறுபடியும் பெருமழை பிடித்துக்கொண்டால் கரை உடையும். தாமதித்தால் நீர் போய்விடும்.

இனி, பராமரிப்புக்கு வருவோம். ஏரியின் கரையைச் செப்பனிடவும் தூர் எடுக்கவும் ஏரிப்பட்டி என்ற பெயரில் நிலங்கள் விடப்பட்டிருந்தன. சிலர் பொன்னாகக் கொடுத்தார்கள். ஊர்ச்சபை அதைப் பெற்று முதலாக வைத்துக்கொண்டு, அதன் பலிசையில், அதாவது வட்டியில், வருஷந்தோறும் குழி குத்தித் தூர் வார ஒப்புக்கொண்டது. உத்தரமேரூரின் வைரமேக தடாகத்துக்கே இவ்விதமான தானங்கள் உண்டு. ஏரிக்குள் ஓடம் விட்டு வண்டலை அள்ளிக் கரையில் சேர்ப்பதற்கென்றே நிவந்தம் வைத்த சாசனங்களும் இருக்கின்றன. கோயில் விளக்குக்குப் பசு விட்டதைப் போலவே ஏரியின் ஓடத்துக்கு நெல் விட்டிருக்கிறார்கள். இரண்டையும் தர்மம் என்ற ஒரே சொல்லால்தான் அழைத்தார்கள். இந்தத் தர்மத்தைப் பின்னாளில் ரக்ஷிப்பவனின் பாதத்தைத் தன் தலைமேல் தாங்குவதாகத் தானம் செய்தவனே எழுதி வைப்பது அக்காலத்துச் சம்பிரதாயம்.

பணம் இருந்தால் மட்டும் போதாது, அதைக் கையாளுகிறவன் யோக்கியனாக இருக்க வேண்டும் என்பதையும் அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுவர்களில், முதற் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919லும் 921லும் வெட்டப்பட்ட சாசனங்கள் குடவோலைத் தேர்தலுக்காகப் பிரசித்தி பெற்றவை. ஊரை 30 குடும்பாக, அதாவது வட்டமாகப் பிரித்து, பெயரெழுதிய ஓலைகளைப் பானையிலிட்டுக் குடும்புக்கு ஒருவரைச் சீட்டெடுத்துத் தேர்ந்து, அம்முப்பது பேரில் 12 பேரைச் சம்வத்சர வாரியமாகவும், 12 பேரைத் தோட்ட வாரியமாகவும், 6 பேரை ஏரி வாரியமாகவும் அமர்த்தினார்கள். பதவிக் காலம் 360 நாள். ஜனநாயகத்தைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் பானையையும் ஓலையையும் வர்ணித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது தகுதியின்மையைப் பற்றிய பகுதி. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி நிற்கலாகாது. அவன் மட்டுமல்ல, சிற்றன்னை, பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள் என்று அவனுடைய பந்துக்கள் ஒருவர்கூட நிற்கலாகாது. ஏரிக்காசில் கை வைத்தால் குடும்பமே ஒதுக்கப்படும் என்பது, நெறி போதனையைவிடப் பலமான காவல்.

இதைச் சொல்லும்போது ஒன்றை மறைக்கலாகாது. கால் வேலிக்கு மேல் நிலமும், சொந்த மனையில் வீடும், வேத அறிவும் உடைய, 35 வயதுக்கு மேற்பட்டு 70க்கு உட்பட்ட ஆண்களுக்கே அந்தப் பானையில் ஓலை விழுந்தது. வண்டலை முதுகொடியச் சுமந்தவனுக்கு அதில் இடமில்லை. அண்மைக் காலம் வரையில் நீர்க்கட்டிகளாக இருந்தவர்களும் பெரும்பாலும் சேரியைச் சேர்ந்த, நிலமற்ற மக்களே. தனக்கென்று வயல் இல்லாதவன் ஆகையால் எவன் வயலுக்கும் சாயமாட்டான் என்று ஊரார் அவனை நம்பினார்கள். நடுநிசியில், கொட்டும் மழையில், கரைமேல் மண்வெட்டியோடு அவனை நிற்கவும் வைத்தார்கள். அந்த நம்பிக்கைக்கு ஈடாக அறுவடைக் களத்தில் அவனுக்குச் சில கதிர்க்கட்டும் சில மரக்கால் நெல்லும் கிடைத்தன. பழைய ஏற்பாட்டைப் புகழ்கிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்தே எழுத வேண்டும்.

களத்தில் அளக்கப்பட்ட அந்த நெல்தான் முழு ஏற்பாட்டுக்கும் ஆதாரம். 1763இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து செங்கல்பட்டுச் சீமையை ஜாகீராகப் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனியார், பார்னார்டு என்ற இஞ்சினியரைக் கொண்டு 1767 முதல் 1774 வரையில் சுமார் 2,000 கிராமங்களை அளந்து கணக்கெடுத்தார்கள். ராஜாவின் வாரமும் குடியானவனின் வாரமும் பிரிப்பதற்கு முன்பே, கோயில், கணக்கன், தச்சன், கொல்லன், வண்ணான், நீர்க்கட்டி என்று ஒவ்வொருவருக்கும் களத்திலேயே பங்கு ஒதுக்கப்பட்டதை அக்கணக்குகளில் காணலாம். அந்த வரிசையில் ஏரிக்கும் ஒரு பங்கு உண்டு. மிச்சத்தில் கிடைத்தால் கொடுப்பது என்பதன்று; ஏரி விளைவித்த நெல்லில் முதலில் ஏரிக்கு எடுத்து வைத்துவிட்டு, மீதியைத்தான் மற்றவர்கள் பகிர்ந்துகொண்டார்கள்.

ஜாகீரில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் ஏரிகளின் மதிப்பை உணர்ந்த துரைகளில் ஒருவர். மதுராந்தகம் ஏரிக்கரை உடையாமல் இராமலக்ஷ்மணர் வில்லேந்தி நின்று காத்ததை அவர் கண்ணாரக் கண்டார் என்று ஐதிகம். ஏரி காத்த ராமர் கோயிலில் தாயார் சந்நிதி அவருடைய தர்மம் என்று கல்வெட்டு இருக்கிறது. தரிசனத்தைப் பற்றி நாம் வாதாட வேண்டியதில்லை. அவர் செய்த இன்னொரு காரியம் வேடந்தாங்கலில் உள்ளது. ஏரிக்குள் நிற்கும் கடப்ப மரங்களில் கூடு கட்டும் கொக்கு, நாரைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு நல்ல எரு என்று அறிந்திருந்த அவ்வூரார், பறவைகளைச் சுட வந்த சிப்பாய்களைப் பற்றி முறையிட, 1798இல் பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்குக் கவுலாக, அதாவது உறுதிப் பத்திரமாக, எழுதிக் கொடுத்தார் பிளேஸ். நாட்டின் மிகப் பழைய பறவைச் சரணாலயங்களில் ஒன்று உழவனின் எருக்கணக்கிலிருந்து பிறந்தது.

ஆனால் பிளேஸ் ஒருவர். கம்பெனியின் வருவாய்க் கொள்கை வேறு. ரயத்துவாரி முறை வந்தபோது, ஒவ்வொரு பட்டாதாரனிடமும் தனித்தனியே ரொக்கமாகத் தீர்வை வாங்கும் கிரமம் ஏற்பட்டு, களத்துப் பங்குகள் படிப்படியாக வழக்கொழிந்தன. ஏரிக்கென்று எடுத்து வைத்த பங்கு சர்க்கார் கஜானாவுக்குப் போயிற்று. கஜானாவிலிருந்து ஏரிக்குத் திரும்பி வந்ததோ சொற்பம். பொதுமராமத்தைக் கம்பெனி அலட்சியம் செய்வதைக் கண்டித்து இஞ்சினியர் ஆர்தர் காட்டன் 1854இல் புத்தகமே எழுதினார். 1858இல் சென்னை ராஜதானியில் ஒரு சட்டம் வந்தது. ஊரார் கூடி ஏரியைச் செப்பனிட வழக்கமாகச் செய்துவந்த குடிமராமத்துக்கு ஆள் வராவிட்டால் தண்டனை. கரை உடையும் அபாயம் நேர்ந்தால் கட்டாய வேலை. ஊரார் தாமே ஆள் அனுப்பியதற்குப் பின்னே நிலமும் நெல்லும் பொன்னும் இருந்ததைக் கண்டுகொள்ளாமல், உழைப்பை மட்டும் வழக்கம் என்று பிடித்துக்கொண்டது சர்க்கார். பங்கைப் பறித்துவிட்டுப் பாட்டை மட்டும் கேட்டால் எவன் மண்வெட்டியை எடுப்பான்? அச்சட்டம் பெரும்பாலும் ஏட்டோடு நின்றது.

1876 முதல் 1878 வரை நேர்ந்த தாது வருஷப் பஞ்சம் எல்லோருடைய கண்ணையும் திறந்தது. 1880இல் பஞ்சக் கமிஷன் அறிக்கை. 1883இல் ஏரி புனருத்தாரணத் திட்டம். இஞ்சினியர்கள் ஊர் ஊராகச் சென்று கரையின் நீளம், கலிங்கின் மட்டம், மதகின் அளவு முதலியவற்றை அளந்து, ஏரிக்கு ஏரி குறிப்பு எழுதினார்கள். நல்ல வேலை என்பதில் ஐயமில்லை. ஆனால் அளந்து எழுதியபின் கிராமம் அதைச் சர்க்கார் ஏரி என்றே எண்ணத் தொடங்கிற்று.

பிற்காலத்தை விரைவில் சொல்லிவிடலாம். தமிழ்நாட்டுக் கணக்கில் சுமார் 39,000 ஏரிகள். நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை பொதுப்பணித் துறைக்கும், மற்றவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் பிரிந்தன. மின்சாரப் பம்புசெட் வந்து கிணறுடையவனுக்கு ஏரி வேண்டாததாயிற்று, அக்கிணற்றுக்கு ஊற்றுக் கொடுப்பதே ஏரிதான் என்றாலும். சென்னையில் மாம்பலத்தின் நெடிய ஏரி தியாகராய நகராயிற்று. நுங்கம்பாக்கம் ஏரியிருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. 2017இல் குடிமராமத்து என்ற பெயரையே மீட்டு, அரசு கோடிக் கணக்கில் செலவிட்டுப் பல ஏரிகளைத் தூர் வாரியது. அது வரவேற்க வேண்டிய காரியமே. ஆயினும் அது அரசு விரும்பிய வருஷத்தில் கொடுத்த நிதி. ஏரி தன் உரிமையாகப் பெற்ற பங்கன்று.

ஏரிக்கு இன்றும் வருமானம் இல்லாமலில்லை. மீன் குத்தகை இருக்கிறது, கரை மரங்களின் ஏலம் இருக்கிறது, வண்டலும் சவடும் லாரி லாரியாகப் போகின்றன. அவற்றில் ஒவ்வொரு ரூபாயும் எங்கே போய்ச் சேருகிறது என்று, வருஷத்தில் நான்கு முறையேனும் கூடும் கிராம சபையில் வாசகர்கள் எழுந்து கேட்க வேண்டும். நம் ஊர் ஏரியின் பேரில் தனிக் கணக்கு ஒன்று தொடங்கி, அதில் வந்ததும் போனதும் சபையில் உரக்கப் படிக்கப்பட வேண்டுமென்று தீர்மானம் கொண்டுவர, எந்தப் புதுச் சட்டத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.