டாருக்குள் நுழைந்த வாசல்

2013 டிசம்பர் 16. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல்கள் வந்தன. நான்கு கட்டடங்களைக் காலி செய்தார்கள். அனுப்பியது தேர்வைத் தள்ளிப்போட நினைத்த ஒரு மாணவர். அட, இதுக்கா!

அவர் கெரில்லா மெயில் என்ற தற்காலிக மின்னஞ்சல் சேவையை டார் வழியாகப் பயன்படுத்தியிருந்தார். மின்னஞ்சலில் இருந்து கிடைத்த தடயம் டாரோடு நின்றுவிட்டது. டார் தன் வேலையைச் சரியாத்தான் செஞ்சது.

ஆனா அவர் டாருக்குள் நுழைந்தது பல்கலைக்கழக வைஃபையில் இருந்து. நாம் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பதை டார் மறைக்கும்; டாருக்குப் போகிறோம் என்பதையே சாதாரணமாக மறைக்காது. மிரட்டலுக்கு முந்தைய சில மணி நேரத்தில் வளாகத்திலிருந்து டாருக்குப் போனது யார் என்று பதிவுகளில் தேடினார்கள். சிக்கினார்.

தினமும் லாக் பார்த்துப் பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தப் பதிவு சந்தேகத்துக்குத்தான் போதும். டார் பயன்படுத்துவது குற்றமில்லையே. எஃப்பிஐ வந்து கேட்டதும் அவரே ஒப்புக்கொண்டுவிட்டார்.