கௌபாய் தொப்பியும் மாசாமாசம் வர்ற பில்லும்

அமெரிக்காவுல நன்கொடை திரட்டுறதுக்குன்னே ஒரு வகையான பார்ட்டி இருக்கு. கோட்டு சூட்டுக்குப் பதிலா கௌபாய் தொப்பி, பூட்ஸ், ஜீன்ஸ். மேடையில கன்ட்ரி மியூசிக், நடுவுல ஏலம். இதுல பேர் போனது டாலஸ் நகரத்து ‘கேட்டில் பேரன்ஸ் பால்’. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்துக்காக 1974-ல் தொடங்கியது. பேரைக் கவனிங்க: மாட்டுப் பண்ணை முதலாளிகளோட விருந்து. நிஜ கௌபாய் கூலிக்கு மாடு ஓட்டினவன். அவங்கள்ல கறுப்பினத்தவரும் மெக்சிகோக்காரங்களும் நிறைய பேர். தொப்பி அவனோடது, விருந்துக்கு வச்ச பேர் முதலாளியோடது. சரி, அதுக்குத் தனி எபிசோடே போடலாம்.

கடுமையான நோய் வந்த குழந்தைகளுக்காகவும் இந்த மாதிரி வெஸ்டர்ன் விருந்துகள் அங்கே நிறைய நடக்குது. எனக்கு இருந்த கேள்வி ஒண்ணுதான். ஒரே ராத்திரியில வர்ற காசு எவ்வளவு நாள் தாங்கும்? பதில் தேடி மெம்ஃபிஸ் நகரத்துக்குப் போகணும்.

டேனி தாமஸ் லெபனானிலிருந்து குடியேறிய பெற்றோரோட பிள்ளை. டிவியில பெரிய நட்சத்திரம் ஆகுறதுக்கு முன்னாடி, வேலை கிடைக்காம அல்லாடின காமெடியன். அப்போ கையில இருந்த 7 டாலரை சர்ச் உண்டியல்ல போட்டு, புனித யூதாகிட்ட வேண்டிக்கிட்டேன்னு அவரே சொல்லுவார். வேண்டுதலை நிறைவேத்த, தன்னை மாதிரி லெபனான், சிரியா வம்சாவளி மக்களைச் சேர்த்து 1957-ல் ‘அல்சாக்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். 1962 பிப்ரவரியில் செயின்ட் ஜூட் மருத்துவமனை திறக்கப்பட்டது. அப்போ தெற்கு மாநிலங்கள்ல கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் தனித்தனி வார்டு சர்வ சாதாரணம். இங்கே எல்லாக் குழந்தைகளும் ஒரே வார்டில். கட்டடத்தை வடிவமைச்ச பால் வில்லியம்ஸ் கறுப்பினக் கட்டடக் கலைஞர். அதுக்கு அவர் காசே வாங்கலை.

அந்த வருஷம், குழந்தைகளுக்கு அதிகமா வர்ற லுக்கீமியா வகையில பிழைச்சவங்க 100-க்கு 4 பேர். டாக்டருங்க ஒரு மருந்து கொடுப்பாங்க, அது வேலை செய்யாமப் போனா அடுத்தது. கொஞ்ச நாள் கூடுதலா வாழ வைக்கிறதுதான் நோக்கமே. முதல் இயக்குநர் டொனால்ட் பிங்கல் இதை ஏத்துக்கலை. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார். மூளையிலயும் தண்டுவடத்தைச் சுத்தியும் ஒளிஞ்சிருக்கிற செல்களைத் தனியா குறிவச்சார். அதுக்கப்புறமும் மாத்திரையை வருஷக்கணக்கில தொடர வச்சார். 1970-களின் தொடக்கத்துல பாதிக் குழந்தைகள் பிழைச்சாங்க. அந்த மருந்துகள்ல ஒண்ணு மெத்தோட்ரெக்ஸேட். அது லெடர்லி ஆய்வகத்துல, யெல்லப்ரகட சுப்பாராவ் தலைமையிலான குழுவிலிருந்து வந்தது. மனுஷன் நம்ம மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்சவர்!

இங்கதான் காசு விஷயம் வருது. இந்தச் சிகிச்சை ரெண்டு மூணு வருஷம் ஓடும். நடுவுல பெத்தவங்க கையில காசு தீர்ந்து குழந்தையை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டா, அதுவரை செஞ்சது பெரும்பாலும் வீண். அதனாலதான் செயின்ட் ஜூட்ல எந்தக் குடும்பத்துக்கும் பில் கிடையாது. ஆனா மருத்துவமனைக்குச் செலவு, நம்ம சர்வர் பில் மாதிரி, மாசாமாசம் வந்துகிட்டே இருக்கும். ஒருநாள் ஏலத்தை மட்டும் நம்பி அதை ஓட்ட முடியாது.

1989-ல் ‘அலபாமா’ இசைக்குழுவின் பாடகர் ராண்டி ஓவன், கன்ட்ரி ரேடியோக்காரங்ககிட்ட உதவி கேட்டார். ‘கன்ட்ரி கேர்ஸ்’ அப்படித்தான் பிறந்தது. ஸ்டேஷன்கள் மணிக்கணக்கா ஒலிபரப்பி, நேயர்களை மாசாமாசம் ஒரு சின்னத் தொகை தரச் சொல்லிக் கேட்டாங்க. சுருக்கமா, நெட்ஃபிளிக்ஸுக்கு முன்னாடியே ஒரு சப்ஸ்கிரிப்ஷன். லாரி ஓட்டிக்கிட்டே பாட்டு கேட்கிறவங்க கொடுத்த காசு! இதுவரை 80 கோடி டாலருக்கு மேல் திரண்டிருக்கு. என்னைக் கேட்டா, தொப்பி போட்ட விருந்தை விட இதுதான் பெரிய கண்டுபிடிப்பு.

அந்த 4 சதவீதம் இன்னிக்கு அங்கே சுமார் 94. ஆனா உலகம் முழுக்க அப்படி இல்லை. பணக்கார நாடுகள்ல புற்றுநோய் வந்த குழந்தைகள்ல 80 சதவீதத்துக்கு மேல் குணமாகுறாங்க. ஏழை, நடுத்தர வருமான நாடுகள் பலவற்றில் 30 சதவீதத்துக்கும் கீழேன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. காரணங்கள்: நோயைத் தாமதமா கண்டுபிடிக்கிறது, மருந்து கிடைக்காதது, அப்புறம் சிகிச்சையைப் பாதியில விடுறது. 2018-ல் அந்த நிறுவனமும் செயின்ட் ஜூடும் சேர்ந்து ஒரு திட்டம் தொடங்கினாங்க. 2030-க்குள்ள உலக அளவில் குறைந்தது 60 சதவீதம் குழந்தைகளாவது பிழைக்கணும் என்பது இலக்கு.