பழவேற்காட்டுப் பாடும் கணினியின் முறையும்

கடலில் பொரிக்கும் வெள்ளை இறால், குஞ்சாக முகத்துவாரம் வழியே பழவேற்காடு ஏரிக்குள் வந்து வளர்கிறது. வளர்ந்ததும் அதே வழியாகக் கடலுக்குத் திரும்புகிறது. திரும்பும் இறால் ஏரி முழுக்கச் சீராகப் பரவி ஓடுவதில்லை. நீர் இழுக்கும் தடத்தில் கழி ஊன்றிச் சுத்துவலை கட்டியவருக்குக் கூடை நிறையும். சற்றுத் தள்ளிக் கட்டியவருக்குக் குழம்புக்குக்கூடத் தேறாது. நல்ல இடம் கொஞ்சம், கேட்பவர் நிறைய. இந்தச் சிக்கலுக்கு ஏரிக்கரை ஊர்கள் கண்ட விடைதான் பாடு.

இம்முறையை விரிவாகப் பதிவு செய்தவர் செபாஸ்டியன் மேத்யூ. அவருடைய ஆய்வை ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 1991இல் வெளியிட்டது. அதன்படி, பாட்டு உரிமை கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய, பட்டினவர் என்ற மீனவச் சமூகத்தின் மூன்று ஊர்களுக்கு உரியது. பாட்டிடங்கள் ஊர்களுக்கிடையே முறை மாறி வரும். ஊருக்குள் யாருக்கு எந்த இடம் என்பதைச் சீட்டு தீர்மானிக்கும். சீட்டில் பெயர் வர வேண்டுமானால் ஊரின் தலைக்கட்டாக, அதாவது மணமாகி ஊர்க்கணக்கில் சேர்ந்த ஆணாக, இருக்க வேண்டும். இன்ன வலை, இன்ன இடம், இன்ன நாள் என எல்லாவற்றுக்கும் விதி உண்டு. மீறினால் ஊர்ப் பஞ்சாயத்து கேட்கும்.

கணினித் துறையும் இதே சிக்கலைச் சந்தித்தது. 1961இல் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கார்பட்டோ குழு, ஒரே இயந்திரத்தைப் பலர் ஒரே வேளையில் பயன்படுத்தும் நேரப்பகிர்வு அமைப்பை இயக்கிக் காட்டியது. செயலியின் நேரத்தைத் துண்டு போட்டு ஆளுக்கொரு முறை கொடுப்பதே அதன் அடிப்படை. 1994இல் கார்ல் வால்ட்ஸ்பர்கரும் வில்லியம் வைலும் சீட்டுக் குலுக்கலையே நேரப் பங்கீட்டு விதியாக்கினார்கள்: ஒவ்வொரு நிரலுக்கும் சில சீட்டுகள், குலுக்கலில் வந்த சீட்டுக்கு அடுத்த துண்டு நேரம். முறை, சீட்டு என்ற இரண்டையும் பாடு ஒரே அமைப்பில் இணைத்து வைத்திருந்தது. பாட்டிலிருந்து கணினியின் விதி பிறந்ததாகச் சொல்ல முகாந்திரம் இல்லை. பற்றாக்குறையும் சமஉரிமையும் சேர்ந்து வரும் இடங்களில் மனிதர் முறையையும் சீட்டையும் நாடுவது இயல்பு. துருக்கியின் அலன்யா மீனவர்களும் சீட்டுப் போட்டு இடம் பிடித்து, நாளுக்கு ஓரிடமாக நகர்ந்து மீன்பிடித்ததை எலினார் ஆஸ்ட்ரம் 1990இல் வெளிவந்த தம் நூலில் எடுத்துக்காட்டினார்.

பாட்டைப் போல எல்லாவற்றுக்கும் விதி வகுத்து, அவ்விதிகளைக் கொண்டு தேவைக்கேற்ற கணினியை அமைத்துத் தரும் முயற்சி கணினித் துறையின் வேறொரு கிளை. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஜான் மெக்டெர்மட் உருவாக்கிய ஆர்1 என்ற நிரல், 1980 முதல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் வேலை பார்த்தது. வாடிக்கையாளர் கேட்ட வாக்ஸ் கணினிக்கு எந்தப் பாகம் விடுபட்டிருக்கிறது, எது எங்கே பொருந்தும் என்று 'இப்படியானால் இப்படிச் செய்' விதிகளால் அது முடிவெடுத்தது. சில நூறில் தொடங்கிய விதிகள் ஆயிரக்கணக்கில் பெருகின. புதுப் பாகம் சந்தைக்கு வரும்போதெல்லாம் விதிகளைத் திருத்த ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

பாட்டுக்கும் திருத்தம் வேண்டிய காலம் வந்தது. இறாலுக்கு ஏற்றுமதி விலை கிடைக்கத் தொடங்கிய பிறகு, உரிமைப் பட்டியலில் இல்லாத பிற சமூகத்தாரும் ஏரியில் வலையோடு இறங்கினார்கள். மோதல்கள் எழுந்தன. சாரா கூல்தார்ட் 2008இல் வெளியிட்ட ஆய்வு, பாட்டு உரிமை உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் மாற்றத்துக்கு ஈடுகொடுக்கும் வாய்ப்பு ஒன்றல்ல என்பதில் கவனம் செலுத்தியது. பாட்டைப் புகழும் எழுத்துகள் பெரும்பாலும் சீட்டின் நேர்மையில் மயங்கி நின்றுவிடுகின்றன என்பது என் எண்ணம். சீட்டு நேர்மையானதுதான்; ஆனால் குடத்துக்குள் யார் பெயரைப் போடுவது என்பதை அது தீர்மானிப்பதில்லை. சாதியும் ஊரும் பால்வேறுபாடும் அதற்கு முன்பே தீர்மானித்துவிடுகின்றன. நேரப்பகிர்வுக் கணினியிலும் கணக்கு வைத்திருப்பவருக்கே முறை வரும். கணக்கு யாருக்கு என்பதை முடிவு செய்வது செயலியின் விதியன்று, கணினியை நடத்தும் நிர்வாகம்.

இலங்கை நீர்கொழும்புக் களப்பில் பாட்டுக்கு இணையான கட்டுவலை மீன்பிடிப்பு நான்கு மீனவர் சங்கங்களின் கையில் இருக்கிறது. அங்கே 1958இல் அரசே விதிமுறை இயற்றி அந்த உரிமைக்குச் சட்டக் காப்பு கொடுத்தது. பட்டியலுக்கு வெளியே இருப்பவர் அங்கே சங்கத்தோடு மட்டுமல்ல, அரசின் விதியோடும் வாதாட வேண்டும்.